அலாரம் அக்காவும் வாயு தின்ற தரையும்

அந்தப் பட்டறையில் அவளை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் முதலாளியம்மாதான். மற்ற எல்லோருக்கும், அவளைவிடப் பத்து வயது மூத்த ஸ்டோர்காரருக்கும்கூட, அவள் அலாரம் அக்கா. பெயருக்குக் காரணம் இரண்டு. ஒன்று அவள் பார்க்கும் வேலை, மற்றொன்று அவள் தொண்டை.

வேலை இதுதான். அடித்தள வண்டி நிறுத்தங்களில் சுவரோரமாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். வண்டிப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை மோப்பம் பிடிக்கும் பெட்டி அது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அளவு மிஞ்சினால் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். பட்டறையில் அதற்குச் செல்லப் பெயர் மோனா. மோனா எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெட்டி எண்ணில் காட்டும், மிஞ்சினால் அலறும். வருடத்துக்கு ஒரு முறை பெட்டிகளைக் கழற்றி இங்கே அனுப்புவார்கள். மூக்கு இன்னும் வேலை செய்கிறதா என்று சோதித்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கரும் கெட்டதற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அக்காவின் பொறுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒட்டிய பச்சை ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. இதை அவள் தற்பெருமையாகச் சொல்ல மாட்டாள், வாரத்துக்கு ஒரு முறைதான் சொல்வாள்.

வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திருகிப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தும் இழுப்பாள். "அந்தப் பூட்டு துருப்பிடிச்சுச் சாகாது, நீ இழுத்து இழுத்துத்தான் சாகும்" என்பார் அவள் புருஷன். அவர் தையல்காரர். வாசலையொட்டிய அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாய் நிறைய குண்டூசியும் வாய் நிறைய நக்கலுமாகக் காலம் தள்ளுகிற மனிதர். இரண்டும் ஒரே வாயில் எப்படித்தான் கொள்கிறதோ.

அக்காவுக்குப் புதிய இடம் கொடுத்ததில்தான் வினை ஆரம்பித்தது. பழைய சோதனை அறை பேக்கிங் பிரிவுக்குப் போய்விட, அவளைப் பின்புறத்துத் தகர ஷெட்டுக்கு மாற்றினார்கள். மாற்றியவர் மேனேஜர். அவருக்கு அவசரம் என்று பெயர், ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் அதுதான். அக்கா முதலில் ஒரு மூச்சு கத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. நாலு பக்கமும் ஜன்னல், நல்ல காற்று, வெளியே புல்லும் ஒரு கொடியும். தரை மட்டும் வெறும் மண். அதனால் என்ன? தினமும் காலையில் இரண்டு குவளைத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கிவிடும். தெளித்தாள், அடங்கியது. வேறு ஏதோ ஒன்று கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் சோதிக்கும் விதம் எளிது. எட்டுப் பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியான ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை அவற்றின் மேல் கவிழ்ப்பாள். சிலிண்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக அளந்து மோனாவை உள்ளே விடுவாள். எண் நூறு வரவேண்டும், அந்த அளவுக்குத்தான் விடுவது. குழாயை எடுத்துத் துளையை அடைத்துவிட்டு, பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்து முந்தின நாள் தாள்களை எழுதுவாள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து வந்து எண்ணைப் படிப்பாள். நூறில் நின்றால் பச்சை, நிற்காவிட்டால் சிவப்பு. ஒரு மணி நேரம் கழித்துப் படி என்றுதான் விதி. நடுவில் எட்டிப் பார் என்று விதியில் இல்லை, அதனால் அவள் பார்த்ததும் இல்லை.

புதிய ஷெட்டில் முதல் நாள் எட்டுப் பெட்டியும் நாற்பது சொச்சத்தில் நின்றன. எட்டுக்கும் சிவப்பு. மறுநாளும் எட்டு, அதற்கு மறுநாளும் எட்டு. "இந்த வருஷத்துச் சரக்கே மட்டம். மூக்கா இது, அடைச்ச குழாய்" என்று அக்கா பட்டறையே அதிரத் தீர்ப்புச் சொன்னாள். ஸ்டோர்காரர் மெல்ல, "எல்லாமேவாக்கா?" என்று கேட்டார். கேட்டது தப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் நாலாவது காலைக் காட்டினால் என்ன நடக்குமோ அது அவருக்கு நடந்தது. எட்டு வேலை நாளில் அறுபத்து மூன்று பெட்டிகள் சிவப்பு ஸ்டிக்கரோடு மூலையில் குவிந்தன.

குவிந்தது பெட்டி மட்டுமா? புகாரும் குவிந்தது. பழைய கடைவீதிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிற பார்க்கிங்காரர் தினமும் போன் செய்தார். அவருடைய பதினோரு பெட்டிகளும் சிவப்பு. பெட்டி இல்லாமல் அடித்தளத்தைத் திறக்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டு, மேலே தெருவோரத்தில் வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "எப்பங்க வரும்? எப்பங்க வரும்?" என்று கேட்டுக் கேட்டு அவர் குரலே கம்மிவிட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். "அவசரம்க்கா. முதலாளியம்மா கோவமா இருக்காங்க. வெள்ளிக்கிழமை காயலான் கடை வண்டி வருது. அதுக்குள்ள காரணம் தெரியலேன்னா அறுபத்து மூணையும் ஏத்தி விட்டுட்டு, சோதனையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க. நீங்க பேக்கிங்குக்குப் போகவேண்டியதுதான்."

அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படி நடப்பது அபூர்வம் என்பதால் மேனேஜரே பயந்துபோய்க் குரலைத் தணித்தார். "எதுக்கு வம்பு? பேசாம எல்லாத்துக்கும் பச்சை ஒட்டிடுங்க. நான் கண்ணை மூடிக்கறேன்."

"நூறு நிக்காத பெட்டிக்கு நான் பச்சை ஒட்டுவேனா? உங்க கண்ணை நீங்க மூடிக்குவீங்க. உள்ள போய் மாட்டிக்கிறவன் கண்ணை யார் திறக்கறது?" தொண்டை திரும்பி வந்துவிட்டது.

ஆனால் வீட்டுக்குப் போனதும் உடைந்துபோனாள். தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் குண்டூசிகளைத் துப்பிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் என்ன எண் காட்டுச்சு?"

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்துமூணு. ஒண்ணே ஒண்ணு மட்டும் அஞ்சு."

"ஏன்டி, ஒரு ஆளு தைச்ச சட்டை பத்துல ஒண்ணு குட்டையானா துணி சுருங்கிப்போச்சுன்னு சொல்லலாம். பத்தும் ஒரே விரக்கடை குட்டைன்னா? கெட்டுப்போற மூக்கு ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி கெடும். அறுபத்திரெண்டு பேரு பேசிவெச்சுக்கிட்டா ஒரே பொய்யைச் சொல்வாங்க?"

அக்கா அன்று சாப்பிட்டாளா என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை ஆறரைக்கே ஷெட்டில் இருந்தாள். பெட்டிகளைக் கவிழ்த்து, மோனாவை விட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நகராமல் பக்கத்திலேயே குந்தினாள். எட்டும் நூறு காட்டின. ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்று மூன்று. கால் மணியில் எண்பது. பெட்டிகளுக்கு ஒரு கேடும் இல்லை. உள்ளே இருந்த மோனாதான் குறைந்துகொண்டே போனாள்.

"ஒழுகுது!" என்று கத்தினாள்.

ஒழுகினால் அடைக்க வேண்டியதுதானே. தொட்டியின் விளிம்பில் கிரீஸ் தடவினாள். குறைந்தது. மேலே இரண்டு கல்லை ஏற்றினாள். குறைந்தது. தொட்டியை மண்ணில் நாலு விரல் ஆழத்துக்கு அழுத்தி, சுற்றிலும் குழைத்த சேறு பூசி, எறும்பு நுழைய இடமில்லாமல் மெழுகினாள். முன்னைவிட வேகமாகக் குறைந்தது! ஸ்டோர்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சுவரு எழுப்பிடலாமாக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார்.

அடுத்த சந்தேகம் சிலிண்டர். வாயுக் கம்பெனியின் கெமிஸ்டுக்குப் போன் போட்டாள். "என்னங்க, உங்க சிலிண்டர்ல வெறும் காத்தை அடைச்சு அனுப்பறீங்களா? அஞ்சு நிமிஷம் தங்க மாட்டேங்குது!" கெமிஸ்ட் பொறுமைசாலி. வாயு சரியாகத்தான் இருக்கிறது, நூறு என்று காட்டியது என்றால் நூறுதான், அது தானாகக் காணாமல் போகாது என்றார். "அப்போ நான் தின்னேனா?" என்று அக்கா போனை வைத்தாள்.

புதன்கிழமை. பெட்டி சரி, வாயு சரி, தொட்டி சரி. மிச்சம் என்ன இருக்கிறது? அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தவள் காலடியைப் பார்த்தாள். பழைய அறையில் தரை சிமென்ட், இங்கே மண். மாறியது அது ஒன்றுதான். விருட்டென்று எழுந்து, முற்றத்துக் குழாயடியில் பாத்திரம் கழுவப் போட்டிருந்த வழவழப்பான கல்மேடைக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். பெட்டிகளை வைத்தாள், கவிழ்த்தாள், விளிம்பில் கிரீஸ் தடவினாள், மோனாவை விட்டாள். ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் இருந்தாள். நூறு. நூறு. தொண்ணூற்றொன்பது. நூறு.

மறுபடி கெமிஸ்டுக்குப் போன். இந்தத் தடவை குரல் பாதியாக இருந்தது. "மன்னிச்சுக்கங்க. நேத்து கொஞ்சம் சத்தமா பேசிட்டேன்."

"கொஞ்சமா? பக்கத்து ரூம்காரர் வந்து யாரு செத்துட்டாங்கன்னு கேட்டார்மா. சரி, எங்க வெச்சு சோதிக்கறீங்க?"

"ஷெட்டுல. மண் தரை."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கும்மா. அதுல ஒரு கூட்டத்துக்கு இந்த வாயுதான் சாப்பாடு. ரோட்டுல போற வண்டியெல்லாம் கக்குற புகை எங்க போகுதுன்னு நினைக்கறீங்க? காத்துல கரைஞ்சு, வேற வேற வழியிலயும் அழியும். தரையும் தன் பங்குக்கு இழுத்துக்கும். மண்ணு இதைத் தின்னும், இலைங்க வேற சில வாயுவை உறிஞ்சும், ஈரமான தரை கந்தகப் புகையைப் பிடிச்சுக்கும். சத்தமில்லாம நடக்குற வேலை. ஆமா, தண்ணி ஏதும் தெளிப்பீங்களா?"

"தூசிக்காக. தினமும் காலையில."

"அப்போ விருந்தும் வெச்சு, குடிக்கத் தண்ணியும் கொடுத்திருக்கீங்க. தின்னாம என்ன செய்யும்?"

அக்கா எதையும் சொன்னவுடன் நம்புகிற ஜாதி இல்லை. "மண்ணு சும்மா பஞ்சு மாதிரி உறிஞ்சலேன்னு எப்படித் தெரியும்? தின்னுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வறுத்துப் பாருங்க. சூட்டுல அந்த உயிருங்க செத்துடும். அப்புறமும் வாயு குறைஞ்சா நான் சொன்னது பொய்."

அன்று சாயங்காலம் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தபோது, அக்கா அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்துப் பெரிய வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன வறுக்கற?"

"மண்ணு."

அவர் எட்டிப் பார்த்தார். மண்ணேதான். "உப்புப் போட்டியா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கை வலிக்கப்போகுது, தள்ளு." முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறி மண் வறுத்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் சேர்ந்து சமைத்ததில்லை. வாணலி அதற்குப் பிறகு சமையலுக்கு உதவவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழன் முழுவதும் சோதனை. ஒரு தட்டில் ஷெட்டிலிருந்து வெட்டியெடுத்த மண், ஒரு தட்டில் வறுத்து ஆறவைத்துத் தண்ணீர் தெளித்த மண், மூன்றாவது வெறும் கல். மூன்றின் மேலும் ஒவ்வொரு தொட்டி. வெட்டியெடுத்த மண் தின்றது. வறுத்த மண் தொடவில்லை. திரும்பச் செய்தாள், அதே. தட்டுகளை இடம் மாற்றிச் செய்தாள், அதே. கதவை இழுத்துப் பார்க்கிற கை அல்லவா, ஐந்து தடவை செய்தது.

வெள்ளிக்கிழமை காயலான் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, முதலாளியம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று தொட்டிகளையும் ஒரு மணி நேரம் பார்த்தார். மண் தொட்டியில் எண் எண்பது ஆனது, அறுபது ஆனது, ஐம்பதுக்குக் கீழே போனது. முதலாளியம்மா எழுந்துபோய் அந்தத் தட்டு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்க்க வெறும் மண்ணாகத்தான் இருந்தது.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "அவசரம்! எல்லாக் கஸ்டமருக்கும் இன்னிக்கே லெட்டர் போட்டுடலாம். சோதனைக் கருவியில கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு. அக்கா பேரே வர வேணாம்."

அக்கா நினைத்தால் தப்பித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடக் கணக்கில் கறை படாது. அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது.

"கருவியில கோளாறு இல்லீங்க" என்றாள் கடைசியில். "உள்ள வாயு குறைஞ்சுபோச்சுன்னு அது உள்ளதைத்தான் சொல்லிச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, அறுபத்திரெண்டு பெட்டி சொல்லிச்சு. நான் ஒருத்திதான் நம்பல, உனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சுன்னு சிவப்பு ஒட்டினேன். தப்பு என்னோடது. அப்படியே எழுதுங்க. என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினாலும் சரி."

முதலாளியம்மா அவளையே பார்த்தார். "பேக்கிங்ல உன் தொண்டையை யார் தாங்குவா? போய்க் கல்மேடையில வெச்சு எல்லாத்தையும் மறுபடி சோதி. லெட்டரை நீயே எழுது. ஷெட்டுக்கும் முத்தத்துக்கும் சேர்த்துச் சிமென்ட் போடச் சொல்லிடறேன்."

"ஷெட்டுக்கு மட்டும் போடுங்கம்மா. முத்தத்து மண்ணு நம்ம டெலிவரி வண்டி விடற புகையைத் தின்னுக்கிட்டு இருக்கு. அது பாட்டுக்குத் தின்னட்டும்."

அன்று அந்தி வரை வெறும் கல்லின் மேல் சோதித்ததில் அறுபத்திரண்டு பெட்டிகள் பச்சை. ஐந்து காட்டிய அந்த ஒன்று உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. காயலான்காரர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்த ஒண்ணுக்காகவா காலையில இருந்து நிக்க வெச்சீங்க?" என்று புலம்பிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை காலை அக்கா பதினோரு பெட்டிகளையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தானே பார்க்கிங்காரரிடம் போனாள். மற்றவர்களுக்குத் தபாலில் போகலாம். வெயிலில் நின்று கறுத்துப்போன மனிதருக்கு எப்படித் தபாலில் அனுப்புவது? வழியெல்லாம் அவர் என்ன திட்டு திட்டுவார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

அவர் ஷட்டர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், மண் வறுத்தது உட்பட. "பெட்டி மேல தப்பில்ல. என் மேலதான். ரெண்டு வாரமா உங்களை வெயில்ல நிக்க வெச்சுட்டேன்."

"மண்ணா தின்னுச்சு?" அவர் நம்ப முடியாமல் சிரித்தார். "அப்போ கீழ நாலு கூடை மண்ணைக் கொட்டிட்டா பெட்டியே வேணாமே!"

"நாலு கூடை நாலு வண்டிக்குக்கூடக் காணாது. அது மெதுவாத் தின்னுற ஜாதி. ஊரு முழுக்க விரிஞ்சு கிடந்தாத்தான் உண்டு. இங்க பெட்டி வேணும்."

பார்க்கிங்காரர் கடிதத்தைப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "தினமும் உங்களைத் திட்டினேன்க்கா, பொய் சொல்ல மாட்டேன். கட்டடத்துக்காரர் தினமும் வந்து, பெட்டி என்ன பெட்டி, ஷட்டரைத் திறடான்னார். திறக்கலேன்னா வேற ஆளைப் போடுவேன்னார். நான் சொல்லிட்டேன், அலாரம் அக்கா சிவப்பு ஒட்டியிருக்கு, நானும் இறங்க மாட்டேன், ஒருத்தரையும் இறங்க விட மாட்டேன்னு. வேலை போனா போகட்டும்னு இருந்தேன்."

 அக்காவின் கையெழுத்தை நம்பி ஒரு மனிதர் பிழைப்பையே பணயம் வைத்திருக்கிறார், அதுவும் அது தப்பாக இருந்த நேரத்தில். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நீராக நின்றது. பக்கத்துப் படி வழியாகக் கீழே இறங்கி, பதினோரு பெட்டிகளையும் தன் கையாலேயே மாட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தாள்.

"இப்போ பச்சைங்க" என்றாள்.

"அப்போ சரி" என்று அவர் ஷட்டரைத் தூக்கினார். முதல் வண்டிக்காரனைக் கையாட்டிக் கூப்பிட்டு, அந்த வண்டிக்கு முன்னால் வழிகாட்டியபடி சரிவில் இறங்கிப் போனார். சுவரில் இருந்த ஒரு பெட்டியைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.